வெளியுறவில் படைபலத்தையே நம்புவது ஏன் பலன் தருவதில்லை?

பேச்சு, வணிகம், உதவி எல்லாவற்றுக்கும் முன் படையை அனுப்புவது, அல்லது அனுப்புவோம் என்று மிரட்டுவது: இதுதான் படைபலத்தை நம்பிய வெளியுறவு. படையால் ஓர் இடத்தைப் பிடிக்க முடியும். அங்குள்ள சனத்தை ஓர் ஏற்பாட்டுக்கு இணங்க வைக்க முடியாது.

மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு இது தெரிந்த கதை. 1987 ஜூலையில் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்தன. அதைக் காக்க இந்திய அமைதிப்படை வந்தது. புலிகள் அதில் கையெழுத்திட்ட தரப்பு அல்ல. ஒக்டோபரில் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்கள் இறந்திருந்தார்கள். பொதுமக்கள் பட்டது தனித் துயரம். ஜூனில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடியும் போர். ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா 20 ஆண்டுகள் நின்றது. 2021 ஓகஸ்டில் தலிபான் காபூலுக்குத் திரும்பிவிட்டது.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தகராறில் வாய்க்காலில் தடியோடு ஆள் நிறுத்தினால், அவன் நிற்கும்வரைதான் தண்ணீர் வரும். வயல்களின் நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முன்னிலையில் முறை பேசி வைத்தால் போகம் முழுக்க வரும்.

இதைச் சொன்னால் ‘அப்போ இராணுவமே வேண்டாமா?’ என்பார்கள். அப்படியல்ல: 1991இல் குவைத்திலிருந்து ஈராக் படையை விரட்டியதுபோல, எல்லை வகுத்த வேலையைப் படை செய்யும், அரசியல் தீர்வு அதன் வேலையல்ல.