லோட்டஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: 1997-இல் வந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ கணினி விளையாட்டை இப்போதுதான் விளையாடத் தொடங்கியிருக்கிறேன். அதிலுள்ள சாகச உலகமான ஷாண்டலாரில் அடிக்கடி தோற்கிறேன். என் டெக்கில், அதாவது சண்டைக்கு எடுத்துப்போகும் கட்டில், 72 கார்டுகள், ஐந்து நிறங்களும் உண்டு. என் உயிர்ப்புள்ளி 11. பிளாக் லோட்டஸ், சேனல், ஃபயர்பால் என்ற மூன்று கார்டுகளும் இருந்தால் முதல் சுற்றிலேயே ஜெயிக்கலாம் என்கிறார்கள். எல்லா அரிய கார்டுகளும் உள்ள சேவ் ஃபைல் ஒன்றை 1,500 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்களைத் தோற்கடிப்பது லோட்டஸ் இல்லாத குறை அல்ல, அந்த 72. கணக்கைப் பாருங்கள். ஒரு நல்ல கார்டில் நான்கு பிரதிகள் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் தொடங்கும்போது கைக்கு வருபவை ஏழு கார்டுகள். 40 கார்டு டெக்கில் அந்த ஏழுக்குள் நல்ல கார்டு ஒன்றாவது இருக்க நூற்றுக்கு 55 வாய்ப்பு. 60 கார்டு என்றால் 40 வாய்ப்பு. உங்கள் 72-இல் வெறும் 34. கார்டுகள் அதேதான், பணமும் செலவாகவில்லை, கூடுதல் கார்டுகளைத் தூக்கி வெளியே வைத்ததால் மட்டும் பாதி டெக் சரியாகிவிடுகிறது. ஆனாலும் யாரும் செய்வதில்லை. வென்ற கார்டை டெக்கில் செருகிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. கல்யாணப் பந்தியில் இலை நிறைந்த பிறகும் பரிமாறிக்கொண்டே போகிற மாதிரிதான் இது. விளையாட்டு உங்கள் சிரம நிலைக்கு அனுமதிக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு டெக்கை இறக்குங்கள். ஒரு கார்டுகூட அதிகம் வேண்டாம்.

நிறமும் அப்படியே. கார்டுகளைப் போடக் கொடுக்கும் விலைதான் மானா, அதைத் தருபவை நிலக் கார்டுகள்: மலை சிவப்பு மானா தரும், சதுப்பு நிலம் கறுப்பு மானா தரும். ஐந்து நிற டெக்கில் கையில் மலை இருக்கும், வேண்டியது சதுப்பு நிலமாக இருக்கும். இரண்டு நிறம் போதும், ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. 40 கார்டில் 16 நிலம் வையுங்கள். கார்டுகள் எல்லாம் ஒன்று இரண்டு மானாவுக்குள் முடிந்தால் 15 போதும்.

இனி அந்தப் புகழ்பெற்ற மூன்று கார்டுகளுக்கு வருவோம். சேனல் என்பது பச்சை மந்திரம், விலை இரண்டு பச்சை மானா. போட்டபின் அந்தச் சுற்று முழுவதும் ஓர் உயிர்ப்புள்ளியைக் கொடுத்து ஒரு மானா வாங்கிக்கொண்டே இருக்கலாம். லோட்டஸ் மூன்று பச்சை மானா தரும். இரண்டு சேனலுக்குப் போக மிச்சம் ஒன்று. ஃபயர்பாலின் சிவப்பு மானாவை மேசையில் உள்ள மலை தரும். அதற்கு மேல் ஃபயர்பாலில் போடும் மானா எல்லாம் அடியின் வலிமைதான், ஒரு மானாவுக்கு ஓர் அடி. நிஜக் கார்டு மேசையில் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. 19-ஐக் கொடுத்தால் 19 மானா, லோட்டஸின் மிச்சம் ஒன்று, ஆக 20. எதிராளி காலி. இணையத்தில் நீங்கள் படித்தது இந்தக் கணக்கைத்தான்.

உங்களுக்கு இருப்பதோ 11. பத்தைக் கொடுக்கிறீர்கள், மிச்சம் ஒன்று சேர்ந்து 11. அதாவது உங்கள் உயிர்ப்புள்ளி எவ்வளவோ அதே அளவு அடிதான் விழும், ஒரு புள்ளிகூடக் கூடாது. எதிரிக்கு 15 இருந்தால் அவன் நான்கோடு நிற்பான், நீங்கள் ஒன்றோடு நிற்பீர்கள், கையிலிருந்து நான்கு கார்டும் போயிருக்கும். அடுத்த சுற்றில் ஒரு பூதக்குட்டி தட்டினாலே போதும். தேடல் பணிகளை முடித்து உயிர்ப்புள்ளியை உயர்த்திக்கொண்ட பிறகு இந்த வித்தை பலிக்கும். அதுவரை அந்த இடங்களை நிலக் கார்டுகளுக்குக் கொடுங்கள்.

அப்படியானால் எது அளவுக்கு மீறிய பலமுள்ள டெக்? என்னைக் கேட்டால் கறுப்பு. ஒரு சதுப்பு நிலம், அதிலிருந்து டார்க் ரிச்சுவல். ஒரு மானா போட்டால் மூன்று கறுப்பு மானா வரும். அந்த மூன்றும் சரியாக ஹிப்னாடிக் ஸ்பெக்டரின் விலை. ஆக முதல் சுற்றிலேயே பறக்கும் 2/2 உயிரி ஒன்று (இரண்டு அடி கொடுக்கும், இரண்டு அடியில் சாகும்) மேசைக்கு வந்துவிடுகிறது. அது அடிக்கும் ஒவ்வொரு முறையும் எதிராளி கையிலிருந்து ஏதோ ஒரு கார்டு போய்விடும், எது என்று தேர்வு செய்யும் உரிமைகூட அவனுக்கு இல்லை. மூன்று மானாவையும் அப்போதே செலவழித்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். இது பழைய விதிகளில் ஓடும் விளையாட்டு, செலவாகாத மானா உங்கள் உயிர்ப்புள்ளியைச் சுடும்.

அடுத்தது காண்ட்ராக்ட் ஃபிரம் பிலோ. இதைப் பற்றி ஒருவரும் உங்களிடம் பேசியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் இதை வைத்து வியாபாரம் பண்ண முடியாது. விலை ஒரே ஒரு கறுப்பு மானா. கையிலுள்ளதை எல்லாம் கீழே போட்டுவிட்டு ஏழு புதிய கார்டுகள் எடுத்துக்கொள்ளலாம். இதற்குக் கூலியாக உங்கள் இன்னொரு கார்டு பணயத்துக்குப் போகும், அதாவது தோற்றால் அது எதிராளிக்குச் சேரும், அவ்வளவுதான். நிஜ மேசையில் பணயம் வைத்த கார்டை இழப்பது பணத்தை இழப்பது போல, ஆகவே இதுபோன்ற பணயக் கார்டுகள் 1994-இலேயே போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன. ஷாண்டலாரில் அந்தத் தடை செல்லாது. ஜெயித்தால் பணயம் உங்களிடமே திரும்பி வரும். இரண்டாம் சுற்றில் கையிலுள்ள சில்லறைகளை எல்லாம் மேசையில் இறக்கிவிட்டு, கை காலியாக இருக்கும்போது இதைப் போடுங்கள். ஒரு கார்டுகூட வீணாகாமல் ஏழு வரும். லோட்டஸைவிட இந்தக் கார்டு எனக்கு மேல்.

கறுப்பு பிடிக்காவிட்டால் சிவப்பு. லைட்னிங் போல்ட் ஒரு மானாவுக்கு மூன்று அடி. அதோடு நிறமில்லாத பிளாக் வைஸ், அதுவும் ஒரே மானா: எதிராளி கையில் நான்குக்கு மேல் எத்தனை கார்டு இருக்கிறதோ அத்தனை அடி, அவனுடைய ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும். முதல் சுற்றில் போட்டால், ஏழு கார்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு உடனே மூன்று. பெரிய டிராகன்களைக் கையில் வைத்துக்கொண்டு நிலம் வரும் என்று காத்திருக்கும் எதிரிகளுக்கு இது நரகம்.

அடி வாங்காமல் சீக்கிரம் முடிப்பது ஏன் முக்கியம் என்றால், நிலவறைகளுக்குள் ஒரு சண்டையில் இழந்த உயிர்ப்புள்ளி அடுத்த சண்டைக்குத் திரும்பி வராது. லோட்டஸும், அதைப் போலவே இலவசமாக மானா தரும் மாக்ஸ் கார்டுகளும் கிடைக்கும் இடம் அந்த நிலவறைகள்தான். வேகமான டெக் இருந்தால் லோட்டஸ் தானாக வந்து சேரும்.

சின்ன டெக் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆட்டத்தின் கடைசியில் வருகிற பெரிய எதிரி அர்சகான். அவனுடைய உயிர்ப்புள்ளி நூறுகளில் இருக்கும். உங்களுக்கோ எடுப்பதற்குக் கார்டு இல்லாமல் போனால் அங்கேயே தோல்வி. 40 கார்டில் ஏழு கைக்குப் போனால் மீதி 33. அவனுக்கு நூறு என்றால் சுற்றுக்குச் சராசரி மூன்றரை அடிகூட வேண்டாம், கவலை இல்லை. முந்நூறு என்றால் ஒன்பதுக்கு மேல் வேண்டும். இப்போது மேலே சொன்ன காண்ட்ராக்டை இரண்டு முறை போட்டீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கு ஏழு, பணயத்துக்கு ஒன்று, ஆக எட்டெட்டுப் பதினாறு போய்விட்டது. மிஞ்சுவது 17. பதினேழு சுற்றுக்குள் முந்நூறை அடிக்க வேண்டும் என்றால் சுற்றுக்குப் பதினெட்டு. நடக்காத காரியம். ஆகவே அந்த ஒரு சண்டைக்கு மட்டும் காண்ட்ராக்டை எடுத்துவிட்டு டைம்ட்விஸ்டரை வையுங்கள். அது கழித்த கார்டுகளையும் கையையும் மறுபடி கட்டில் கலைத்துப் போட்டு ஏழு தரும், கட்டு தீராது. டைம்ட்விஸ்டர் கிடைக்கவில்லை என்றால், இருபது முப்பது கார்டு கூடுதலாகச் சேர்த்தாலும் தவறில்லை. நான் டெக்கைப் பெருக்கச் சொல்லும் ஒரே இடம் இது.

இப்போது உங்கள் சேவ் ஃபைல் வியாபாரி. இந்த ஆட்களை நான் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். வேறு பதிப்பில் உருவாக்கிய சேவ் உங்கள் கணினியில் திறக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. திறக்கவில்லை என்றதும் “இந்தச் சின்ன நிரலை ஓட்டுங்கள், வைரஸ் தடுப்பை ஐந்து நிமிடம் நிறுத்திவையுங்கள்” என்பார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் 1,500 ரூபாய். நானே ஒருமுறை ‘முழு விளையாட்டு’ என்று ஒட்டிய சிடி ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் தனிச்சண்டைப் பகுதி மட்டும்தான் இருந்தது, ஷாண்டலாரே இல்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, “கார்டு விளையாடத்தானே சார் வாங்கினீர்கள்?” என்றார்.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு யார் காரணம்? 1998-இல், இந்தக் கணினி விளையாட்டை உருவாக்கிய மைக்ரோபுரோஸை பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. மறு வருடமே கார்டுகளைத் தயாரிக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தையும் வாங்கியது. கார்டும் கணினி விளையாட்டும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன, இனி பிரச்சினை இல்லை என்றுதானே நினைப்போம்? 2001-இல் கணினி விளையாட்டுப் பிரிவை மட்டும் பிரித்து இன்ஃபோகிராம்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இந்த விளையாட்டைக் காசு கொடுத்து நேர்வழியில் வாங்க ஒரு கடையும் இருக்கவில்லை. விண்டோஸ் 95-க்கு எழுதியதைப் புதிய கணினிகளில் ஓடவைத்ததும் பிழைகளைத் திருத்தியதும் சம்பளம் வாங்காத ரசிகர்கள். அவர்கள் இலவசமாகக் கொடுத்த வேலையை மூட்டை கட்டித்தான் இவர்கள் விற்கிறார்கள்.

நீங்கள் சேவ் ஃபைலை வாங்கித் திறந்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. டெக்கில் இன்னும் முப்பது ‘சக்திவாய்ந்த’ கார்டுகளைச் செருகி 102 ஆக்குவீர்கள். பணயத்தில் லோட்டஸை வைத்து ஒரு காட்டுவாசியிடம் தோற்பீர்கள். பிறகு அதே ஆள் இன்னொரு சேவ் ஃபைல் தருவார்.

இன்று இரவு செய்ய வேண்டியது இதுதான். டெக்கைத் திறந்து நான்கு மானாவுக்கு மேல் உள்ளவற்றை எல்லாம் வெளியே எடுங்கள், இரண்டு மட்டும் இருக்கலாம். இரண்டு நிறம் தவிர மற்றவற்றை ஊர்ச் சந்தையில் விற்றுத் தங்கமாக்குங்கள். அந்தத் தங்கத்தில் டார்க் ரிச்சுவலோ லைட்னிங் போல்ட்டோ எங்கே கண்ணில் பட்டாலும் வாங்குங்கள். ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் சேவ் செய்யுங்கள். ஊர்களைக் கவனிக்காமல் ரொம்ப நேரம் அலையவும் வேண்டாம், ஷாண்டலாரைப் பிடிக்கப் பார்க்கும் எதிரி மந்திரவாதிகள் ஊர்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரே மந்திரவாதி கையில் அளவுக்கு மேல் ஊர்கள் சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது, உங்கள் டெக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி.