வ.உ.சி. கப்பலோடு நின்றிருந்தால்?

கேள்வி: கப்பல் கம்பெனி நடத்திய வ.உ.சி., தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர் பிரச்சினையில் ஏன் தலையிட்டார்? அரசியலைத் தொடாமல் வியாபாரத்தை மட்டும் கவனித்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்கிறார் என் நண்பர். சரியா?
- ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் நண்பரோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோதே அது வெறும் வியாபாரம் இல்லை. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஆசியர்களுக்கு மட்டுமே பங்கு. நம்மவர்களுக்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்றுத்தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. இதிலிருந்து அரசியலை எப்படிப் பிரிப்பது?

முதலில் பம்பாய் ஷா லைன் கம்பெனியிடம் கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். அதே தூத்துக்குடி-கொழும்பு வழியில் கப்பல் ஓட்டிவந்த வெள்ளைக்காரக் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா நெருக்கியதும் ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வாடகைக் கப்பலை நம்பி இனிப் பிழைக்க முடியாது என்று வ.உ.சி. பம்பாய்க்கே போனார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. இவர்கள் எட்டணா, அதாவது அரை ரூபாய் என்றார்கள். அப்புறம் அந்தக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது! வ.உ.சி. மேடையே ஏறாமல் இருந்திருந்தாலும் இந்த அடி விழுந்திருக்கும். அப்படியும் ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறினார்களே, அது தேசாபிமானத்தால் வந்த கூட்டம்.

சரி, ஆலைக்கு வருவோம். வெள்ளையர் நடத்திய கோரல் மில்லில் வேலை கடுமை, கூலி சொற்பம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வேலையிழந்தவர்களின் சாப்பாட்டுக்கு வ.உ.சி. பணம் திரட்டினார். ஊரே பின்னால் நின்றது. வேலைநிறுத்தத்தை எதிர்த்த ஒரு வக்கீலுக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே கத்தியை மடித்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அன்றைக்குத் தூத்துக்குடியில் கலெக்டர் பேச்சைவிட வ.உ.சி. பேச்சுக்கு மதிப்பு அதிகம். அரசாங்கம் பயந்தது அதற்குத்தான்.

மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். 1912 டிசம்பரில்தான் அவர் வெளியே வந்தார்.