சிவப்புத் தெறிப்புள்ள வெள்ளைப் பியோனி

டொரன்டோவில் வாங்கிய வீட்டில் முன்பிருந்தவர்கள் விட்டுப்போன பியோனிப் பூச்செடியை, ‘டச்செஸ் டி நெமூர்’ ரகம் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு இதழ்கள் சிலவற்றின் ஓரத்தில், குங்குமம் தொட்ட விரல் பட்டதுபோல அடர்சிவப்புத் தீற்றல் இருக்கிறது. டச்செஸில் அது கிடையாது. அதன் இதழ்களின் அடியில் இளமஞ்சள்தான் தெரியும்.

என் ஊகம் ‘ஃபெஸ்டிவா மாக்சிமா’. 1851இல் பிரான்சில் வந்த ரகம். பழைய வீட்டுத் தோட்டங்களில் இன்றும் சாதாரணமாகக் காணலாம். நல்ல வாசனை. தலை கனத்து, ஒரு மழைக்கே குப்புற விழுந்துவிடும். (என் செடிக்கு வருடாவருடம் கம்பி வளையம் வைத்தும் இதே கதைதான்.) தீற்றல் எல்லாப் பூவிலும் ஒரே அளவாக இராது, ஒரு பூவை வைத்துக் குழம்பாதீர்கள்.

ஒரே ஒரு சந்தேகம், ‘ஷெர்லி டெம்பிள்’ என்ற இன்னொரு ரகம். அதிலும் சிலசமயம் சிவப்புப் புள்ளி தெரியும். ஆனால் அதன் பூ இளஞ்சிவப்பாக விரிந்து, நாளாக நாளாக வெளுக்கும். வரும் ஜூனில் ஒரே மொட்டை விரியும் நாள் தொடங்கி நான்கைந்து நாள் படமெடுத்துப் போடுங்கள். அதுவரை பெயர்ப்பலகை எழுத வேண்டாம்.

இடம் மாற்றுவதானால் செப்டம்பரில் செய்யுங்கள். கிழங்கின் முளைக்கண்கள் மண்ணுக்குள் 5 செ.மீ.க்கு மேல் ஆழம் போனால் இலை மட்டும்தான் வரும்.