சிறைக்குள் மெத்தடோன், குடி, விடுதலை நாள்: கேள்வி பதில்

கேள்வி (ரோஸ் ஹில்): சிஸ்டர், மகனை நேற்று ரிமாண்டில் வைத்துவிட்டார்கள். வெளியே தினமும் 70 மெத்தடோன் குடிப்பான். உள்ளே கிடைக்குமா?

பதில்: நம் மொரிசியசில் 2006-இல் தொடங்கிய மெத்தடோன் சிகிச்சை, அதாவது ஹெராயினுக்கு மாற்றாகத் தினமும் குடிக்கத் தரும் மருந்து, சிறைக்குள்ளும் உண்டு, அம்மா. கடைசியாகக் குடித்த தேதியையும் அளவையும் மருந்து தரும் இடத்தில் எழுதி வாங்கி, இன்றே சிறை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். அளவை மில்லிகிராமில் எழுதச் சொல்லுங்கள். கரைசலின் அடர்த்தி மாறினால் 70 மில்லிலிட்டருக்குள் இருக்கும் மருந்தும் மாறிவிடும்.

அவசரம் ஏனென்றால், ஓரிரு நாள் தவறினால் பழைய அளவே பெரும்பாலும் தொடரும். 3 நாள் ஆனால் குறைப்பார்கள். 5 நாள் ஆனால் மறுபடி 20, 30 மில்லிகிராமிலிருந்துதான் தொடக்கம். அப்போது சீக்கிரம் ஏற்றச் சொல்லி நச்சரிக்காதீர்கள். இந்த மருந்து ஒரு நாளில் உடம்பைவிட்டுப் போகாது. நேற்றையதன் மேல் இன்றையது ஏறும். மூன்றாம், நான்காம் இரவில் தூக்கத்திலேயே மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு.

கேள்வி (த்ரியோலே): தம்பிக்கு மூன்று நாளாக மெத்தடோன் இல்லை. பழைய அளவே கேட்கலாமா?

பதில்: கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (போர்ட் லூயி): அப்பா தினமும் ஒரு போத்தல் ரம் குடிப்பவர். பிடித்து ஒரு நாள் ஆகிறது, கை நடுங்குகிறது. தானாக அடங்குமா?

பதில்: காத்திருக்காதீர்கள். ஹெராயின் நிறுத்தும்போது வாந்தி, பேதி, உடம்புவலி. தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்தால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். குடியை நிறுத்தும்போதோ முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த இரண்டு நாளில் சித்தம் கலங்கி, இல்லாதது கண்ணில் தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. டயசிபாம் போன்ற மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வேண்டும். தயமின் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தினக் குடிகாரர் என்பதைக் காவலரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கேள்வி (காத்ர் போர்ன்): உள்ளே ஆறு மாதம் மருந்தே இல்லாமல் வைத்தால் சுத்தமாகிவிடுவானே? மெத்தடோனும் போதைதானே?

பதில்: ஆறு மாதத்தில் உடம்பின் தாங்குதிறன் போய்விடும், ஆசை போகாது. வெளியே வந்து ஹெராயினைப் பழைய அளவில் ஏற்றினால் செத்துப்போகலாம். விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரம்தான் ஆகப் பெரிய ஆபத்து.

மறுபடி அவரே: நால்ட்ரெக்சோன் கொடுக்கலாமே, அதில் போதை இல்லையே?

பதில்: போதை இல்லைதான், ஹெராயின் வேலை செய்யாமல் தடுக்கும் மாத்திரை அது. ஆனால் 7 முதல் 10 நாள் ஹெராயினே தொடாதவருக்குத்தான் கொடுக்க முடியும். மெத்தடோன் குடித்தவருக்கு இன்னும் அதிக நாள். மாத்திரையை நிறுத்திய சில நாளிலேயே அந்தக் காவலும் போய்விடும், தாங்குதிறனோ ஏற்கெனவே இல்லை. சரியான அளவு மெத்தடோன் குடிப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. நடுக்கமில்லாமல் வேலைக்குப் போகிறார். சர்க்கரை நோயாளியின் இன்சுலினை யாராவது பிடுங்குவார்களா?

கேள்வி: சிமிக் என்கிற செயற்கைப் போதைப்பொருளுக்கு மாற்று மருந்து உண்டா?

பதில்: இல்லை. வலிப்புக்கும் பதற்றத்துக்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: காசநோய் மாத்திரை தொடங்கியதிலிருந்து மெத்தடோன் வேலை செய்யவில்லை என்கிறான் அண்ணன். பொய் சொல்கிறானா?

பதில்: இல்லை. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் மெத்தடோனைக் கல்லீரலில் வேகமாக உடைத்துவிடும். அளவைக் கூட்ட வேண்டும். காசநோய் சிகிச்சை முடியும்போது மறக்காமல் குறைக்கவும் வேண்டும்.

கேள்வி: நாளை விடுதலை. என்ன செய்வது?

பதில்: அடுத்த நாள் மெத்தடோன் எங்கே என்று இன்றே உறுதி செய்யுங்கள். ஹெராயினைப் பழைய அளவில் ஏற்றக் கூடாது, மறுபடியும் சொல்கிறேன். குறட்டை கரகரத்து உதடு நீலமானால் ஆம்புலன்சுக்கு 114-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், நின்றுபோனால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மயக்கத்தை முறிக்கும் நலோக்சோன் ஊசியில் எழுந்தாலும் தனியே விடாதீர்கள். ஊசி ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும், மெத்தடோன் அதையும் தாண்டி நிற்கும்.