பில்லி ஜோயலும் பழைய பாட்டும்

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயல் 1993-க்குப் பிறகு புதிய பாப் ஆல்பம் எதையும் தரவில்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய பாட்டுகளையே பாடிப் பாடி அரங்குகளை நிரப்பிக் காசு பார்த்தவரை நீங்கள் ஏன் பெரிய கலைஞர் என்று எழுதுகிறீர்கள்?

பதில்: குற்றச்சாட்டின் முதல் பாதி உண்மைதான். ‘ரிவர் ஆஃப் ட்ரீம்ஸ்’ ஆல்பம் வெளிவந்த அந்த ஆண்டோடு அவர் பாப் ஆல்பங்களை நிறுத்திக்கொண்டார். சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றிய நேரத்தில் வாயை மூடிக்கொண்ட ஒருவரை எதற்காகக் குறை சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இசையமைப்பதையும் அவர் அடியோடு விட்டுவிடவில்லை. மேற்கத்தியச் செவ்வியல் பாணியில் பியானோவுக்கென்றே எழுதிய உருப்படிகளை, தாமே வாசிக்காமல் ஹியூங்-கி ஜூ என்ற தேர்ந்த கலைஞரிடம் கொடுத்து 2001-இல் வெளியிட்டார். தம் விரல்களின் எல்லையை அறிந்து ஒதுங்கி நிற்பது எல்லோருக்கும் வருகிற குணமா?

‘பழைய பாட்டு’ என்று நீங்கள் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1977-இல் வந்த ‘த ஸ்ட்ரேஞ்சர்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ‘ஜஸ்ட் த வே யூ ஆர்’ பெரிய ஹிட்டாகி கிராமி விருதையும் வாங்கியது. அதே ஆல்பத்தின் ‘ஷீ இஸ் ஆல்வேஸ் எ வுமன்’ பாட்டு தனியாக, சிங்கிள் இசைத்தட்டாக வந்தபோது, அதன் மறுபக்கத்தில் ஓசையில்லாமல் இருந்த பாட்டு ‘வியன்னா’. பெற்றோர் பிரிந்தபின் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்ட தந்தையைத் தேடி ஜோயல் வியன்னாவுக்குப் போயிருந்தபோது, வயதான பெண்மணி ஒருவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இந்த வயதில் இவருக்கு இந்த வேலையா என்று வருந்தினாராம். அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, தாம் பயன்படுகிறோம் என்ற நிறைவும் இருக்கிறது என்று தந்தை விளக்கியிருக்கிறார். அவசரப்படும் இளைஞனைப் பார்த்துச் சற்றே பொறு என்று சொல்லும் அந்தப் பாட்டு, வெளிவந்த காலத்தில் பெயர் வாங்கவில்லை. அப்போது பிறந்திராத தலைமுறை, அவர் ஆல்பமே போடாத இந்த ஆண்டுகளில்தான், அதைத் தேடி எடுத்துத் தன் பாட்டாக ஆக்கிக்கொண்டது. அதை மேடையில் பாடாமல் இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

காசு பார்த்தார் என்பது சரி, நிறையவே பார்த்தார். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2014 ஜனவரியில் மாதம் ஒரு நிகழ்ச்சி என்று தொடங்கி, பெருந்தொற்றுக் கால இடைவெளியையும் கடந்து, 2024 ஜூலையில் முடித்தபோது அந்த வரிசையில் மட்டும் 104 நிகழ்ச்சிகள் ஆகியிருந்தன. அதே அரங்கில் அவருடைய மொத்தக் கணக்கு 150. ஆனால் அந்தக் காசிலும் ஒரு கணக்கு உண்டு. முன்வரிசை இருக்கைகளை அவர் விற்காமலே வைத்திருந்தார். பணக்காரர்கள் அங்கே கைகட்டி உட்கார்ந்து, முடிந்தால் மகிழ்வித்துப் பார் என்பதுபோல முறைப்பது அவருக்குச் சலித்துவிட்டது. அதனால் கூரையை ஒட்டிய மலிவான இருக்கைகளுக்குத் தம் ஆட்களை அனுப்பி, அங்கிருக்கும் ரசிகர்களை அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்.

எல்லாப் பாட்டும் தங்கம் என்று நான் சாதிக்கவில்லை. ‘வீ டிட்ன்ட் ஸ்டார்ட் த ஃபயர்’ பாட்டின் மெட்டைப் பல் மருத்துவரின் துளைக்கருவிச் சத்தத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தவர் அவரேதான். வயது ஏறிய பிறகு சில பாட்டுகளைச் சுருதி குறைத்தே பாடினார். 2025 மே மாதத்தில், மூளையில் நீர் சேரும் நோயால் பார்வையும் செவியும் உடல் சமநிலையும் பாதிக்கப்பட்டதாக அறிவித்து, ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் அனைத்தையும் ரத்து செய்தார்.

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் ‘டர்ன் த லைட்ஸ் பேக் ஆன்’ என்ற புதிய பாட்டை வெளியிட்டு, கிராமி விழா மேடையிலும் பாடினார். புதிய பாட்டு கேட்கும் உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?