4,000-ஆவது பக்கம் ஏன் இழுக்கிறது?

கேள்வி: மண்ணடியில் நட்டு, போல்ட், பேரிங் மொத்த வியாபாரம். எங்கள் இணையதளத்தில் 2 லட்சம் அயிட்டம் இருக்கிறது. பக்கத்துக்கு 40, விலை குறைந்தது முதலில். முதல் பக்கம் உடனே வருகிறது, உள்ளே போகப் போக இழுக்கிறது. பார்த்த சரக்கே அடுத்த பக்கத்திலும் வருகிறது. சர்வரைப் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீணாகும். கோளாறு ஆஃப்செட்டில், அதாவது ‘முதல் இத்தனையை விட்டுவிட்டு அடுத்ததைக் கொடு’ என்று கேட்பதில். 4,000-ஆவது பக்கத்துக்கு ஆஃப்செட் 1,59,960. டேட்டாபேஸ் அந்த இடத்துக்கு நேரே தாவாது. 1,60,000 ரோவை (பட்டியல் வரியை) வரிசையாகப் படித்து, கடைசி 40-ஐ மட்டும் உங்களிடம் கொடுக்கும். அவ்வளவு ஆழத்துக்கு வாடிக்கையாளர் போவது அபூர்வம். தேடுபொறி பாட்கள் (தளங்களைத் தானாகப் படிக்கும் நிரல்கள்) போகும், இரவு பகல் பாராமல்.

சரக்கு இரண்டு முறை வருவதும் இதனால்தான். ஒருவர் பக்கம் புரட்டும் நேரத்தில் மலிவான புது அயிட்டம் ஒன்று ஏறினால், மற்றதெல்லாம் ஓரிடம் கீழே நகர்ந்துவிடும். போதாததற்கு, ஒரே விலையில் நூறு போல்ட் இருக்கும்போது அவற்றுக்குள் எது முன், எது பின் என்று குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) சொல்லாவிட்டால் வரிசை ஒவ்வொரு முறையும் மாறலாம்.

ஆகவே விலை, அதன்பின் ஐடி (ஒவ்வொரு அயிட்டத்துக்கும் உள்ள தனி எண்) என்று வரிசைப்படுத்துங்கள். இந்த இரண்டையும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) போடுங்கள். வகைவாரியாக வடிகட்டினால் வகை, விலை, ஐடி என்ற வரிசையில். பக்கத்தின் கடைசி ரோவில் விலை 120, ஐடி 48213 என்றால் அடுத்த பக்கத்துக்கான நிபந்தனை இது: விலை 120-க்கு மேல், அல்லது விலை 120-ஆகவே இருந்து ஐடி 48213-க்கு மேல். இண்டெக்ஸில் நேரே அந்த இடத்தில் இறங்குவதால் எந்தப் பக்கமானாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். லிமிட் 41 கொடுங்கள், அதாவது 41 ரோ கேளுங்கள். 41-ஆவது ரோ வந்தால் ‘அடுத்து’ பட்டனைக் காட்டுங்கள், அந்த ரோவைக் காட்டாதீர்கள்.

போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் விலை, ஐடி இரண்டையும் ஜோடியாகவே ஒப்பிடலாம். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், அப்படி எழுதினால் இண்டெக்ஸைச் சரியாகப் பயன்படுத்தாது. அங்கே ‘விலை 120 அல்லது அதற்கு மேல்’ என்று முதலில் தனியாக எழுதி, மேலே சொன்ன நிபந்தனையை ‘ஆண்ட்’ (AND) போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிளெய்ன் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்த்துவிட்டே லைவில் ஏற்றுங்கள்.

உங்கள் தொழிலில் ஒரு பொறி உண்டு. ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போட்டு விலையை NULL-ஆக (மதிப்பே இல்லாமல்) விட்டிருப்பீர்கள். NULL-ஐ எதோடும் ஒப்பிட முடியாது. அந்தச் சரக்கு கண்ணிலேயே படாது, அல்லது பட்டியல் பாதியில் நின்றுவிடும். வரிசைப்படுத்த மட்டும் தனி நெடுவரிசை (column) வைத்து, அவற்றுக்கு 99999999 போடுங்கள். தேதிப்படி வரிசைப்படுத்தினாலும் கவனம்: போஸ்ட்கிரஸ் மைக்ரோசெகண்ட் வரை வைத்திருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் தேதி மில்லிசெகண்டோடு வெட்டிவிடும். அதனால் பக்க எல்லையில் ரோ விடுபடும் அல்லது மறுபடி வரும். தேதியை எழுத்துவடிவிலேயே அனுப்பித் திரும்ப வாங்குங்கள்.

‘முந்தைய’ பட்டனுக்கு ஒப்பீட்டையும் வரிசையையும் தலைகீழாக்கி, வந்த 40-ஐத் திருப்பி அடுக்க வேண்டும். 3,127-ஆவது பக்கத்துக்கு நேரே தாவும் வசதி போய்விடும். மொத்த வியாபாரத்தில் அதை யாரும் தேடப் போவதில்லை. அளவு, வகை, விலை வடிகட்டிகள்தான் அவர்களுக்கு வேண்டும். மொத்த எண்ணிக்கையைப் பக்கத்துக்குப் பக்கம் எண்ணாமல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி, கேஷில் (cache, தற்காலிகச் சேமிப்பில்) வையுங்கள்.