வளரும் நகர மையத்தில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றிக்கொண்டே புதியவற்றையும் கட்ட முடியுமா? எதை விட்டுக்கொடுக்க வேண்டும்?

முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்களைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எல்லோரும் உயரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை மாடி வரலாம், வீதியின் அழகு கெடுமா, கண்ணாடி முகப்பு பொருந்துமா என்று. பள்ளத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நான் 19 ஆண்டுகளாகப் பள்ளம் தோண்டும் வேலையில் இருப்பவன். பேஸ்மெண்டுக்காக மண்ணை அள்ளுகிற அந்த ஆறேழு மாதத்துக்குள் பக்கத்துப் பழைய கட்டடத்தின் தலையெழுத்து பெரும்பாலும் முடிவாகிவிடும். மாடிகள் எழும்புவதெல்லாம் அப்புறம்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பகுதியில் குடியிருப்பவர், அல்லது அங்கே ஒரு பழைய கட்டடத்துக்குச் சொந்தக்காரர் என்று தோன்றுகிறது. கட்டட நிறுவனத்து ஆள் ‘எதை விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று கேட்க மாட்டார். நான் அந்த நிறுவனத்துப் பக்கத்து ஆள். அங்கே நின்று நான் செய்த தப்பைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம். நகரின் நடுவில் ஒரு வணிக வளாகம், தரைக்குக் கீழே இரண்டு தளம் பார்க்கிங். எங்கள் எல்லையை ஒட்டி நூறு வயது தாண்டிய மாடி வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை, மர உத்தரம். கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே ஒரு பெரியவர் குடும்பத்தோடு இருந்தார்.

தோண்டத் தொடங்கும் முன் பக்கத்துக் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்ய வேண்டும். எந்தச் சுவரில் எவ்வளவு நீளத்துக்கு விரிசல், தரை எங்கே சாய்ந்திருக்கிறது என்று அறை அறையாகப் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வைக்கும் வேலை. அது என்னிடம் வந்தது. ஒரே மதியத்தில் முடித்தேன். வீதியில் நின்று முகப்பை எட்டுப் படம், எங்கள் பக்கத்துச் சுவரை ஆறு படம். உள்ளே போகவே இல்லை. “உள்ள போனா அவர் ஏதாவது கேப்பாரு. இல்லாத யோசனைய நாமளா ஏன் குடுக்கணும்?” என்றார் மேலாளர். நானும் சரி என்றேன். முழுப் பழியையும் அவர் தலையில் கட்ட மாட்டேன். அன்று எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

நான்கு மீட்டர் இறங்கியதும் ஊற்று வந்தது. மோட்டார் போட்டோம், இரவு பகலாக ஓடியது. இங்கே கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் நீர் மேலிருந்து வரும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதை இறைத்துவிட்டால் அந்தப் பங்கும் மண்ணின் தலையில் ஏறுகிறது, மண் அமுங்குகிறது. மணல் என்றால் சீக்கிரம் அமுங்கும். களிமண் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போட்டு ஆழத்தில் கெட்டியான மண்ணிலோ பாறையிலோ ஊன்றி நிற்கும் புதுக் கட்டடத்துக்கு இதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழைய வீட்டுக்கு இருப்பது செங்கல்லை அகலமாகப் பரப்பிக் கட்டிய, ஆளுயரம்கூட இல்லாத கடைக்கால், அதாவது அஸ்திவாரம். மொத்த வீடும் ஒரே அளவில் இறங்கினால்கூடத் தாங்கிக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் இறங்கி மறுமூலை அப்படியே நின்றால் சுவர் கிழியும்.

ஆறாவது வாரம் பெரியவர் சைட்டுக்கு வந்தார். “தம்பி, மாடிப்படி பக்கத்துக் கதவு சாத்த மாட்டேங்குது. போன மாசம் வரைக்கும் ஒரு விரலால தள்ளினா சாத்திக்கும். கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

போய்ப் பார்த்தேன். நிலை கோணியிருந்தது. அதன் மேல் மூலையிலிருந்து செங்கல் செங்கலாகப் படியேறுவதுபோல விரிசல். வயதான பூச்சில் வருவது மயிரிழையாகக் கண்டபடி ஓடும். இப்படிப் படிக்கட்டு வடிவத்தில் ஏறினால் கடைக்கால் ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். மூன்று வருட அனுபவத்துக்கே அது தெரியும். தெரிந்தும், ‘கட்டடத்தின் வயது காரணமாக முன்பே இருந்த விரிசல்கள்’ என்று கடிதம் எழுதினேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அந்த வாக்கியம் என்னுடையது.

முன்பே இருந்தது என்று காட்ட எங்களிடம் படம் இல்லை. இல்லை என்று காட்ட அவரிடமும் இல்லை என்று நினைத்தோம். பத்து நாள் கழித்து ஆல்பத்தோடு வந்தார். பேத்தியின் முதல் பிறந்தநாள். குழந்தைக்குப் பின்னால் அதே கதவு, அதே சுவர், ஒரு கோடுகூட இல்லை. “இதுல இருக்கா தம்பி?” என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன்.

‘நல்லெண்ண அடிப்படையில்’ சரிசெய்து தருவதாக நிறுவனம் ஒத்துக்கொண்டது. அது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. விரிசலில் சிமெண்ட் கலவையை அடைத்து, சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சு பூசி, பெயிண்ட் அடித்தோம். பூசி மெழுகுவது என்பார்களே, அட்சரம் பிசகாமல் அதுதான். சுண்ணாம்புக் காரை மென்மையானது, சுவர் கொஞ்சம் அசைந்தால் அதுவும் சேர்ந்து அசையும். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்ட் விறைப்பானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. ஓதம் உள்ளேயே தங்கும். உப்பு பூக்கும், செங்கல் பொரிந்து உதிரும், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனை இற்றுப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அந்த வீடும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தது.

ஆறாவது வருடம் ஆபத்தான கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரியவர் குடும்பம் விற்றுவிட்டுப் போனது. இடித்தபோது இணையத்தில் ஒரே புலம்பல். ‘காசுக்கு ஆசைப்பட்டு வித்துட்டார்’ என்று எத்தனை பேர் எழுதினார்கள் தெரியுமா? அந்தக் கதவைப் பார்த்தவன் நான், ஒரு வரி பதில் போடவில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது சிலர் வருவார்கள், ‘அப்படியானால் புதுசாக எதுவுமே கட்டக் கூடாதா’ என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. என் சோறே அதில்தான். பழையது எல்லாம் பொக்கிஷம் என்றும் சொல்லவில்லை. வேறு சிலர், ‘ஒரு அனுபவத்தை வைத்துக்கொண்டு பொதுவாகப் பேசாதே’ என்பார்கள். நியாயம். அவர்களுக்காக இரண்டு பெரிய உதாரணம்.

ஆம்ஸ்டர்டாமில் மெட்ரோ பாதைக்காகத் தோண்டும்போது, 2008-ல் நிலையப் பள்ளத்தின் பக்கச்சுவரில் கசிவு ஏற்பட்டு நீரோடு மண்ணும் உள்ளே வந்தது. அருகிலிருந்த பழைய நெசவாளர் வீடுகள் சில 20 சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கின. அடுத்த வருடம் மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில், மெட்ரோ பள்ளத்தை ஒட்டியிருந்த நகர ஆவணக்காப்பகம் அப்படியே சரிந்தது. அருகில் குடியிருந்த இருவர் இறந்தார்கள். கட்டடம் 1971-ல் கட்டியதுதான், ஆனால் உள்ளே ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆவணங்கள் வரை இருந்தன. காகிதக் குவியலை இடிபாட்டிலிருந்தும் நீரிலிருந்தும் எடுத்து, உலர்த்தி, துண்டு துண்டாகச் சேர்க்கும் வேலை பல ஆண்டுகள் நீண்டது. இரண்டுமே கருவிக்கும் நிபுணருக்கும் பஞ்சமில்லாத நாடுகள். பள்ளத்துக்கு அதெல்லாம் தெரியாது.

நிபுணர் என்றதும் ஞாபகம் வருகிறது. சைட்டில் பள்ளம் சரிந்தாலும், பம்பு நின்றாலும், பக்கத்து வீட்டில் பூச்சு உதிர்ந்தாலும் முதலில் கேள்வி வருவது சைட் இன்ஜினியருக்கு. ஆலோசகர் மாதம் ஒருமுறை ஒரு கீறல்கூட விழாத வெள்ளை ஹெல்மெட்டோடு வருவார், விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்ப்பார், படம் எடுத்துக்கொள்வார், போய்விடுவார். இரவு பதினொன்றரைக்கு ‘ரிவிஷன் 7’ என்று வரைபடம் வரும். காலையில் அதன்படி கம்பி கட்டியிருக்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டில் அவர் பெயர் இருக்கும், எங்கள் பெயர் எதுவும் இருக்காது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்காவது சொல்லித் தொலைக்க வேண்டும் அல்லவா.

சரி, எதை விட்டுக்கொடுப்பது? முதலில் வேகத்தை. நீர் புகாத தடுப்புச் சுவரைச் சுற்றிலும் இறக்கிவிட்டு உள்ளே மட்டும் இறைக்கலாம். இறைத்த நீரை வெளியே கிணறு வைத்து மண்ணுக்குள் திரும்ப விடலாம். அடித்து இறக்கும் பைலுக்குப் பதிலாகத் துளையிட்டு வார்க்கலாம். எல்லாமே தெரிந்த வழிகள்தான், நாளும் பணமும் கூடும், அவ்வளவுதான். அதிர்வுக்கும் அளவு இருக்கிறது. ஜெர்மானியத் தரநிலை தின் 4150, பாதுகாக்கப்பட வேண்டிய பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் மெதுவான அதிர்வுகளுக்கு நொடிக்கு 3 மில்லிமீட்டர்தான் அனுமதிக்கிறது. வணிகக் கட்டடத்துக்கு அது 20. இந்த வித்தியாசத்தை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் சைட்டில் யாரும் தேடிப் பிடித்துப் பின்பற்ற மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ல் வந்த பொதுச்சுவர்ச் சட்டம் எனக்குப் பிடிக்கும். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் கடைக்காலைவிட ஆழமாகத் தோண்டினால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காலின் அடியிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்தால் அதை வெட்டும் அளவுக்கு ஆழம் போனால் 6 மீட்டர் வரை இதே விதி. இது பாரம்பரியக் கட்டடத்துக்கான சட்டமே கிடையாது, சாதாரணப் பக்கத்து வீட்டுக்காரருக்கானது. எந்தப் பட்டியலிலும் இல்லாத பெரியவர் வீடு மாதிரி வீடுகளுக்கு இதுதான் வேண்டும். பட்டியலில் ஏறும் அரண்மனைக்குப் பேச ஆள் இருக்கும்.

இரண்டாவது, பணம். பழைய கட்டடத்தை இடிக்காதே என்று சட்டம் போட்டுவிட்டு, கூரை ஒழுகினால் உன் பாடு என்று சொந்தக்காரரை விட்டால் அவர் ஒழுகட்டும் என்றுதான் விடுவார். நியூயார்க்கில் 1963-ல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய கோபம் 1965-ல் பாதுகாப்புச் சட்டமாக வந்தது. பிறகு கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேல் ஓர் அலுவலகக் கோபுரம் கட்ட ரயில் நிறுவனம் கேட்டது, நகரம் மறுத்தது, வழக்கு 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நகரத்தின் பக்கம் முடிந்தது. கட்டாமல் விட்ட அந்த உயரத்தைக் கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. மும்பையிலும் கட்டட உரிமையை இப்படி மாற்றித் தரும் முறை உண்டு. பெரியவருக்கு இப்படி ஒரு வழி இருந்து, தன் வீட்டுக்கு மேலே இருக்கும் வெற்று வானத்தை எங்கள் நிறுவனத்துக்கே விற்றிருந்தால்? சுண்ணாம்புக் கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூலி கொடுக்கும் அளவுக்காவது கையில் பணம் இருந்திருக்கும்.

முகப்பை மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுப் பின்னால் முழுக்கப் புதுசாகக் கட்டுவதைச் சமரசம் என்கிறார்கள். நானும் ஒன்று செய்திருக்கிறேன். உள்ளே போய்ப் பார்த்தால் ஜன்னல் ஒரு உயரத்தில், தளம் வேறு உயரத்தில். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நல்லதாக ஒன்றுமில்லை.

நல்லபடி நடந்ததும் ஒன்று உண்டு. அடுத்த நிறுவனத்தில், இதே மாதிரி பழைய கட்டடம் பக்கத்தில். பதிவுக்கு மட்டும் பதினொரு நாள் எடுத்தேன். ஒவ்வொரு பழைய விரிசலுக்கும் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை இரு முனையும் ஒட்டி, தேதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், வாதத்துக்கு இடமே இருக்காது. நான்காவது மாதம் ஒன்று உடைந்தது. தோண்டுவதை நிறுத்தச் சொன்னேன், மேலே கத்தினார்கள். தடுப்புச் சுவரின் ஒரு இணைப்பில் கசிவு. அடைக்க நான்கு நாள் ஆனது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. வேலை முடிந்ததும் அந்த வீட்டு அம்மா, “கண்ணாடிய எடுத்துடலாமா தம்பி?” என்று கேட்டார். மோட்டார் நின்றதும் நீர்மட்டம் மறுபடி ஏறும், அப்போதும் மண் கொஞ்சம் அசையும், இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும் என்றேன்.

உங்கள் பகுதியில் எங்கேயாவது தகர வேலி அடைத்திருக்கிறார்களா? அதை ஒட்டி இருக்கும் பழைய வீட்டுக்காரர் யார் என்று கேளுங்கள். இந்த வாரமே உள்ளே போய் அறை அறையாகப் படம் எடுங்கள், அன்றைய செய்தித்தாள் தேதி தெரிகிற மாதிரி. ஜன்னல் மூலைகள், படிக்கட்டுச் சுவர், உத்தரம் சுவருக்குள் போகும் இடம் எதையும் விடாதீர்கள். கதவுகளை எல்லாம் ஒருமுறை சாத்திப் பார்த்து, எது சாத்துகிறது, எது சாத்தவில்லை என்று எழுதி, நிறுவனத்துக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.